இலவம்பஞ்சா, வாத்துத் தூவியா? வேலூர் வீட்டுக்குத் தலையணையும் மெத்தையும் நிரப்ப முழு வழிகாட்டி

இறகுத் தலையணை, இறகு ரஜாய் என்று ஆன்லைனில் வரும் சரக்கைப் பார்த்துவிட்டு, "பறவையை வதைக்காமல் எடுத்த இறகுதானா?" என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வேலூரில் உட்கார்ந்து கேட்கும்போது அதற்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு: சித்திரையில் நாற்பது டிகிரி தாண்டும் ஊருக்கு இறகு எதற்கு?

சுருக்கமாகச் சொன்னால், தலையணைக்கும் மெத்தைக்கும் இலவம்பஞ்சு போதும். இறகு ரஜாய் ஏலகிரியில் மார்கழி கழிப்பவருக்கும், குளிர்நாட்டுக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கித் தருபவருக்கும் மட்டும்தான் பயன்படும். அவர்களுக்கானதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பஞ்சுக்கு வருவோம்.

இறகு வாங்கியே ஆக வேண்டும் என்றால்

வாத்துக்கும் கூஸ் என்னும் பெருவாத்துக்கும் நெஞ்சுப் பகுதியில், மேலிறகுக்கு அடியில், நடுத்தண்டு இல்லாத மென்மையான தூவி இருக்கும். கடைக்காரர்கள் டவுன் என்பது இதைத்தான். தண்டுள்ள சாதாரண இறகு வேறு. அது மலிவு, கனம், நாளாக ஆகத் தண்டு துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். லேபிளில் தூவி எத்தனை சதவீதம், இறகு எத்தனை சதவீதம் என்று தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். போடாத சரக்கைத் தொட வேண்டாம்.

'ஃபில் பவர்' என்ற எண்ணும் இருக்கும். ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் தூவி, எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே அது. 550, 600 என்றால் நடுத்தரம். 700-க்கு மேல் உயர்தரம். இது உப்பலை மட்டும் சொல்லும் எண். பறவையை எப்படி நடத்தினார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விலை அதிகமான தூவி அறம் மிகுந்த தூவி என்று நினைத்துக்கொள்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கொடுமை இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று, உயிரோடிருக்கும் பறவையிடமிருந்தே தூவியைப் பிடுங்குவது. மறுபடி வளர்ந்ததும் மறுபடி பிடுங்குவது. இரண்டு, ஈரல் பெருக்க வேண்டும் என்று தொண்டையில் குழாய் விட்டுத் தீவனம் திணித்து வளர்த்த பறவையின் தூவி. "இறைச்சிக்கு அறுத்ததன் மிச்சம்தானே சார்" என்று விற்பவர் சொல்வார். பெரும்பாலான தூவி இறைச்சித் தொழிலின் உபபொருள் என்பது உண்மைதான். ஆனால் தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடிக்காரர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. தோலும் உபபொருள்தான், அப்படியிருந்தும் வெளிநாட்டு வாடிக்கையாளர் தோல் எங்கிருந்து வந்தது, எந்த ஆலையில் பதப்பட்டது என்று காகிதம் கேட்கிறார். தூவிக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியதுதான்.

கேட்க வேண்டிய காகிதம் இது. ரெஸ்பான்சிபிள் டவுன் ஸ்டாண்டர்ட், சுருக்கமாக ஆர்.டி.எஸ்., 2014-ல் வந்த தரச்சான்று. உயிரோடு பிடுங்குவதையும் தீவனம் திணிப்பதையும் தடுக்கிறது. பண்ணை, அறுப்புக்கூடம், கழுவும் ஆலை, தைக்கும் ஆலை என்று சங்கிலி முழுவதையும் வெளியாள் தணிக்கை செய்கிறார். ஜெர்மனியிலிருந்து வரும் டவுன்பாஸ் என்ற சான்றும் உண்டு. முத்திரைப் படத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். லேபிளில் சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பொருளில் உள்ள தூவி முழுக்கச் சான்று பெற்றதாக இருந்தால்தான் ஆர்.டி.எஸ். முத்திரை குத்த முடியும். "சான்று பெற்ற தூவி கலந்தது" என்று முத்திரை போட வழியில்லை. மொத்தமாக வாங்கும் விடுதிக்காரர் அந்தச் சரக்குக்குரிய பரிவர்த்தனைச் சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும். ஆலைக்குச் சான்று இருப்பது வேறு, உங்கள் மூட்டைக்குச் சான்று இருப்பது வேறு.

'டவுன் ஃபீல்', 'டவுன் ஆல்டர்நேட்டிவ்' என்று எழுதியிருந்தால் அதில் பறவையே இல்லை. பெரும்பாலும் அது பாலியஸ்டர் மைக்ரோஃபைபர். வதை இல்லை, சரி. ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக். வேலூர் வெயிலில் கழுத்தடியில் வேர்த்துக் கொட்டும்.

உண்மையான தூவி வாங்கினாலும் பராமரிப்பு இங்கே பாடு. துவைத்த தூவியை வெப்பக் காற்று டிரையரில் மணிக்கணக்கில் உலர்த்த வேண்டும். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே கட்டி கட்டியாக ஈரம் நிற்கும், நாலு நாளில் நாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரியில் மடித்து வைத்தாலும் இதே கதிதான்.

இன்னொரு யோசனையும் சிலருக்கு வரும். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருபவர்களிடம் இறகு வாங்கி நாமே தலையணை செய்தால் என்ன? வேண்டாம். அவை முட்டை வாத்துகள். வெப்ப நாட்டுப் பறவையில் தூவி குறைவு. ஆலையில் தூவியைப் பலமுறை கழுவி, உயர்ந்த வெப்பத்தில் கிருமி நீக்குகிறார்கள். வீட்டு அண்டாவில் அது நடக்காது. 2021 ஜனவரியில் ஆலப்புழை வாத்துகளிடம் பறவைக் காய்ச்சல் வந்ததை நினைவில் வைத்துக்கொண்டால், சுத்தம் செய்யாத இறகை முகத்தடியில் வைத்துத் தூங்க யாருக்கும் மனம் வராது.

இலவம்பஞ்சு: என்ன, எப்போது, எங்கே

இலவ மரத்தின் காய் முற்றி வெடிக்கும்போது உள்ளே கிடைக்கும் பஞ்சு இது. இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறுங்குழாய். கனஅளவில் பெரும்பகுதி காற்று. மேலே மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் தண்ணீர் சுலபத்தில் ஒட்டாது. அந்தக் காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டையில் இதைத்தான் அடைத்தார்கள். எடையில்லாமல் உப்பி நிற்பது இந்தக் குழாய் அமைப்பால்தான். மரத்தை வெட்ட வேண்டாம், எந்த உயிரையும் தொட வேண்டாம்.

அதற்காக இதில் அறக்கேள்வியே இல்லை என்று நினைக்க வேண்டாம். பஞ்சு பிரிக்கும் கொட்டகையில் பறக்கும் தூசு தொழிலாளியின் மூச்சுக்குழாயைப் பிடிக்கும். காய் பறிக்கிறவர் உயரமான மரத்தில் ஏறுகிறார். வாத்துத் தூவிக்கு இருப்பதுபோல இதற்கு வீட்டுக்கு வீடு தெரிந்த முத்திரை எதுவும் இல்லை. மொத்தமாக வாங்குபவர் ஒருமுறை பிரிக்கும் இடத்தைப் போய்ப் பார்த்து, முகக்கவசம் கொடுக்கிறார்களா, வேலையில் சிறுவர்கள் இருக்கிறார்களா என்று கண்ணால் பார்ப்பதுதான் சான்று.

காய் வெடிப்பது மாசியிலிருந்து சித்திரை வரை. புதுப் பஞ்சு வேண்டுமானால் பங்குனி, சித்திரையில் வாங்கிவிட வேண்டும். தமிழ்நாட்டில் இலவம்பஞ்சு வியாபாரத்துக்குப் பேர்போனது தேனி மாவட்டத்துப் போடி. நம் பக்கத்துக் கடைகளுக்கும் அங்கிருந்து மூட்டை வரும். உறவினர் வீட்டு வேலியோரம், கிணற்றோரம் மரம் இருந்தால் இன்னும் நல்லது. காய் பழுப்பாகி, நுனி லேசாகப் பிளக்க ஆரம்பித்ததும் பறித்துவிடுங்கள். தானாக வெடிக்கட்டும் என்று விட்டால் இலவு காத்த கிளி கதைதான். ஒரு காற்றில் பஞ்சு முழுவதும் ஊர் சுற்றப் போய்விடும்.

கடையில் சோதிப்பது

கலப்படம் சகஜம். நூற்பாலைக் கழிவுப் பஞ்சு, பழைய மெத்தையைப் பிரித்து அடித்த பஞ்சு, பாலியஸ்டர், இவற்றில் ஏதாவது உள்ளே இருக்கும். மேலே ஒரு கை நல்லது, அடியில் குப்பை. ஆகவே மூட்டையின் நடுவில் கைவிட்டு எடுத்துப் பாருங்கள்.

நம்பகமான சோதனை விளக்குத் திரி. ஒரு சிட்டிகைப் பஞ்சை உள்ளங்கையில் வைத்துத் திரி உருட்டுங்கள். பருத்தி உடனே முறுக்கேறித் திரியாக நிற்கும், இழுத்தால் தாங்கும். இலவம்பஞ்சு வழுக்கும்; முறுக்கு நிற்காது, லேசாக இழுத்ததும் நழுவிப் பிரிந்துவிடும். இழை குட்டை, மேற்பரப்பு வழவழப்பு, அதனால்தான் இதில் நூல் நூற்பது கஷ்டம். திரி நன்றாக வந்துவிட்டால் கையில் இருப்பது இலவம் அல்ல.

நிறம் இளமஞ்சள் கலந்த வெண்மை, பட்டு மினுமினுப்பு. பளீர் வெள்ளை என்றால் சந்தேகப்படுங்கள். தண்ணீர்ச் சோதனையைப் பலர் சொல்வார்கள். மிதந்தால் இலவம் என்று. அரைகுறைச் சோதனை அது. கழுவாத பச்சைப் பருத்தியும் கொஞ்ச நேரம் மிதக்கும். தண்ணீருக்குள் வைத்து நன்றாகப் பிசைந்து விட்டுப் பாருங்கள்: பருத்தி நனைந்து மூழ்கும், இலவம் மேலே வரும். பாலியஸ்டர் சந்தேகம் என்றால் ஒரு சிட்டிகையைக் கடைக்கு வெளியே, சிமெண்டுத் தரையில், இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பஞ்சு குப்பென்று எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். மூட்டை அருகே தீப்பெட்டியை எடுக்கவே கூடாது. இலவம்பஞ்சு பிடித்தால் அணைக்க நேரம் தராது.

விதையோடு இருக்கும் பஞ்சு விலை மலிவாகத் தெரியும். மிளகு போன்ற கறுப்பு விதைக்கும் சேர்த்துத்தான் எடை போடுகிறார்கள். அதோடு விதையில் எண்ணெய் உண்டு. தலையணைக்குள் விதை தங்கினால் எலி தேடி வரும்.

எவ்வளவு பஞ்சு?

16-க்கு 24 அங்குலத் தலையணைக்கு: மெத்தென்று வேண்டுமானால் 1 கிலோ, நடுத்தரத்துக்கு 1¼ கிலோ, கெட்டியாக வேண்டுமானால் 1½ கிலோ. மல்லாந்து படுப்பவருக்கு முதல் அளவு. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோள் அகலத்துக்கு உயரம் வேண்டும், ஆகவே மூன்றாவது. குப்புறப் படுப்பவர் ஒரு கிலோவுக்கும் குறைவாக நிரப்பிக்கொள்ளலாம். 3-க்கு 6 அடி ஒற்றை மெத்தை, நாலு அங்குல உயரத்துக்கு 12 முதல் 15 கிலோ. வெளியில் வாங்கும் மெத்தையைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். தெருவில் வண்டியில் வருபவர் எடை சொல்லாமல் 'சிங்கிள்', 'டபுள்' என்று அளவை மட்டும் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று யூகித்துக்கொள்ளலாம்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தலையணை செய்யவே வேண்டாம், எந்தப் பஞ்சானாலும். மூக்கு அமுங்கி மூச்சு முட்டும் ஆபத்து உண்டு.

சுத்தம் செய்து காயவைத்தல்

ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், அடுப்பு, ஊதுவத்தி, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. முகக்கவசம், கண்ணாடி இரண்டும் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையை இன்னொருவரிடம் விட்டுவிடட்டும்.

விதை இருந்தால் உயரமான டிரம்மில் கால்வாசி பஞ்சு போட்டு, மரமத்தால் தயிர் கடைவதுபோல இரு பக்கமும் சுழற்றுங்கள். இலவத்தில் இழை விதையோடு ஒட்டி வளர்வதில்லை, காயின் உட்சுவரிலிருந்து வளர்கிறது. ஆகவே கடைந்த மாத்திரத்தில் விதை கழன்று அடியில் தங்கும். பருத்தியைப் போல இதற்கு அரைவை மெஷின் தேவையில்லை. மேலே நிற்கும் பஞ்சை அள்ளி எடுத்துவிட்டு, விதையைக் கொட்டுங்கள். காய் ஓட்டுத் துண்டு, காம்பு இருந்தால் கையால் பொறுக்க வேண்டும். அது பிற்பாடு துணியைக் கிழிக்கும்.

பிறகு பஞ்சைப் பழைய கொசுவலையில் மூட்டையாகக் கட்டி, காலை எட்டு மணி வெயிலில் மூன்று மணி நேரம் காயவையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். திறந்த பாயில் கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். ஈரம் மிச்சமிருக்கும் பஞ்சைத் தைத்து மூடினால் பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை பிறகு போகவே போகாது.

உள்ளுறை தைத்தல்

பஞ்சு வெளியே வருகிறது என்ற புகாரில் முக்கால்வாசி துணியின் குற்றம். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி வேண்டும். மெத்தைத் துணி என்று கேட்டால் கோடு போட்டது தருவார்கள். காடாத் துணி எடுப்பதானால் கெட்டி ரகம் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிக்கண்கள் தெரியக்கூடாது. வாயில் வைத்து ஊதினால் காற்று தடைபட்டுத்தான் போக வேண்டும். சரளமாகப் போனால் இழையும் போகும்.

துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள், பருத்தி சுருங்கும். 34 அங்குல அகலம், 26 அங்குல நீளத்தில் ஒரே துண்டாக வெட்டி, அகலத்தில் இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் மடிப்பாக இருப்பதால் தையல் மூன்று பக்கம்தான். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல். பிறகு உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஓரத்திலிருந்து சுமார் ⅜ அங்குலத்தில் இரண்டாம் தையல். முதல் தையலின் பிசிறு உள்ளேயே சிறைப்படும். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கண்ணி விழ வேண்டும். தடித்த ஊசி போட்டால் ஊசி ஓட்டையே பஞ்சுக்கு வாசலாகிவிடும். 14-ம் நம்பர் ஊசி போதும். குறுகிய பக்கம் ஒன்றில் ஆறு அங்குலம் திறப்பு விடுங்கள். மூலைகளைக் கூர்மையாக விடாமல் சற்று வளைத்துத் தைத்தால் பஞ்சு நிரம்பாத காலி முனைகள் தொங்காது. தைத்து முடித்தால் 16-க்கு 24-ஐவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நிரப்பி உப்பும்போது அது சரியாக வந்துவிடும்.

நிரப்புதல்

பஞ்சை எடை போட்டு ஒரு துணிப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையின் வாயையும் உள்ளுறையின் திறப்பையும் பெரிய பெரிய தையலாகச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். இப்போது வெளியிலிருந்தே பஞ்சை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளலாம். ஒரு இழைகூடப் பறக்காது. வெளிநாட்டில் தூவி ரஜாய்க்கு மறுநிரப்பு செய்பவர்களும் இதே உத்தியைத்தான் கையாளுகிறார்கள்.

முதலில் இரண்டு தூர மூலைகள், பிறகு ஓரங்கள், கடைசியில் நடு. குச்சியால் இடிக்க வேண்டாம். இலவம் முறியும் இழை, இடித்தால் தூளாகும். கைப்பிடி அளவாக உள்ளே விட்டு, வெளியிலிருந்து விரல்களால் பிசைந்து பரப்புங்கள். கொஞ்சம் அதிகமாகவே தெரியட்டும். புதுத் தலையணை முதல் மாதத்திலேயே நன்றாக அமுங்கும். கடையில் முதல் நாள் சரியாக இருந்த உயரம் ஆடியில் பாதியாவது இதனால்தான். நிறைந்ததும் பையைப் பிரித்துவிட்டு, திறப்பை நெருக்கமான கைத்தையலில் மூடுங்கள். மெஷினில் மூடிவிட்டால் ஒரு வருடம் கழித்து 200 கிராம் சேர்க்க வேண்டி வரும்போது பிரிப்பது தொல்லை.

மெத்தைக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. ஏழெட்டு அங்குல இடைவெளியில் கோணி ஊசியால் மேலிருந்து கீழே கெட்டி நூலைக் கோத்து, மேலும் கீழும் சிறு துணி வட்டம் வைத்து இழுத்து முடிச்சுப் போட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு படும் இடத்திலிருந்து பஞ்சு ஓரத்துக்கு நகர்ந்து, மூன்றே மாதத்தில் நடுவில் பள்ளம் விழும். இதை வீட்டில் செய்வதைவிட மெத்தை தைப்பவரை வீட்டுக்கே கூப்பிட்டு, கண்ணெதிரில் நிரப்பச் சொல்வது உத்தமம். பஞ்சை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூலி மட்டும் பேசுங்கள்.

பராமரிப்பு

இலவத் தலையணையை எக்காரணம் கொண்டும் துவைக்கக் கூடாது. தண்ணீர் முதலில் ஒட்டாது. அழுத்திப் பிழிந்தால் உள்ளே புகுந்து, இழைகள் ஒட்டிக் கட்டியாகும். மேலுறையை மட்டும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். உள்ளுறைக்கும் மேலுறைக்கும் நடுவே ஜிப் வைத்த இன்னொரு உறை போட்டால் எண்ணெய்த் தலை உள்ளவர்களின் கறை பஞ்சுக்கு இறங்காது. குழந்தை நனைத்துவிட்டால் யோசிக்காமல் கைத்தையலைப் பிரித்து, நனைந்த பஞ்சை மட்டும் எடுத்துக் காயவைத்துத் திரும்ப நிரப்புங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலை வெயிலில் இரண்டு மணி நேரம். கத்தரி வெயிலில் மொட்டை மாடியில் நாள் முழுக்கப் போட்டுவிட்டு மறந்துபோனால் இழை மொறுமொறுத்து உடையும். மேலே ஒரு வேட்டியைப் போர்த்துவது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் வெயில் இல்லாத நாட்களில் தலையணையைச் சுவரோரம் அடுக்காமல், கட்டிலில் நிறுத்தி வைத்து ஃபேன் காற்று படவிடுங்கள். பருத்தி மெத்தையை அடிப்பதுபோலத் தடியால் அடிக்க வேண்டாம். பஞ்சு அடிக்கும் மெஷினிலும் போட வேண்டாம். பருத்திக்கு உயிர் கொடுக்கும் அந்த மெஷின் இலவத்தைத் தூளாக்கிவிடும். கையால் பிசைந்து உப்பவிடுவது மட்டுமே வழி.

தலையணை மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும். மாற்றும் காலம் எப்போது என்று தெரிய, ஒரு வெயில் நாளில் காயவைத்துப் பிசைந்த பிறகும் தட்டையாகவே கிடக்கிறதா, தட்டினால் உறை வழியே மாவு போன்ற தூசு வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் இழை உடைந்துவிட்டது; புதுப் பஞ்சைக் கலந்தாலும் பயனில்லை. பழையதைத் தென்னங்கன்றுக் குழியின் அடியில் போட்டு மண் மூடிவிடலாம், மட்கிப்போகும். எரிக்க மட்டும் வேண்டாம்.